டயருக்கும் வயது உண்டு!

ஓடாமல் நிற்கும் காரில் ஒளிந்திருக்கும் ஆபத்து

கார் என்ஜினுக்கு வயது உண்டு. பேட்டரிக்கு வயது உண்டு. இது எல்லோருக்கும் தெரியும்.

டயருக்கு வயது உண்டா?

உண்டு!

கார் ஓடினாலும் சரி, ஓடாமல் வீட்டு வாசலில் நின்றாலும் சரி, டயருக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கிறது. வயதான டயர் வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். ஆனால் வேகமாகப் போகும்போது, நடு ரோட்டில், திடீர் என்று காலை வாரி விட்டுவிடும்.

தேய்ந்த டயரைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. தேயாத டயரும் ஆளைக் கொல்லும் என்பது பலருக்குத் தெரியாது. அதிகம் ஓடாத காரை வைத்திருப்பவர்கள்தான் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாசலில் நிற்கும் கார்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவு போல அமைந்த ஊர் ஸ்ரீரங்கம். ரெங்கநாதர் கோவிலைச் சுற்றி உத்திர வீதி, சித்திரை வீதி என்று வீதிக்கு வெளியே வீதியாக வளர்ந்த ஊர்.

இங்கே பழைய வீடுகள் பல இருக்கின்றன. அந்த வீடுகளில் திண்ணை உண்டு, முற்றம் உண்டு, காரை நிறுத்த இடம் இல்லை. கார் வாங்கினால் அது வாசலில்தான் நிற்கும். வெயிலும் மழையும் அதன் தலையில்தான்.

வேலையில் இருந்து ஓய்வு பெற்று, இங்கே வந்து குடியிருப்பவர்கள் நிறைய பேர். மகன் பெங்களூரில் இருப்பான். மகள் அமெரிக்காவில் இருப்பாள். வயதான கணவனும் மனைவியும் கார் ஏறி எங்கே போகப் போகிறார்கள்? கோவிலுக்கு நடந்தே போய்விடலாம். காய்கறி கடை பக்கத்திலேயே இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி. எப்போதாவது திருச்சி ஜங்ஷன். அவ்வளவுதான்!

இப்படிப்பட்ட கார், வாங்கி 8 வருடம் ஆனாலும் 20 ஆயிரம் கிலோ மீட்டர் கூட ஓடியிருக்காது.

மே மாதம் பிறக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை. பேரன், பேத்திகள் வந்துவிடுவார்கள்.

"தாத்தா! காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகலாம்!"

அவ்வளவுதான்! 5 பேர் காரில் ஏறுவார்கள். டிக்கி நிறையப் பெட்டிகள். மேலே கத்திரி வெயில். கொள்ளிடத்தைத் தாண்டி, நம்பர் 1 டோல்கேட், சமயபுரம் வழியாக நாலு வழிச்சாலையில் ஏறியதும் கார் 100 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும்.

வருடம் முழுவதும் நின்றுகொண்டே இருந்த டயர், ஒரே நாளில் சுமார் 320 கிலோ மீட்டர் ஓட வேண்டும். ஆபத்து பிறப்பது இங்கேதான்!

"புது டயர் மாதிரி இருக்கிறதே!"

பஞ்சர் கடைகளில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்.

"சார், டயரை மாற்றிவிடுங்கள்."

"எதற்கு அப்பா? பட்டன் எல்லாம் அப்படியே இருக்கிறதே!"

"பட்டன் இருக்கிறது சார். ஆனால் டயருக்கு 9 வயசு ஆகிவிட்டது. பக்கத்தில் பாருங்கள், கோடு கோடாக வெடித்திருக்கிறது."

"அது வெயிலில் நின்றதால் வந்தது. கார் ஓடவே இல்லை. ஓடாத டயர் எப்படிக் கெட்டுப்போகும்?"

நியாயமான கேள்விதான். செருப்பு, போடப் போடத் தேயும். போடாத செருப்பு புதிதாகவே இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். டயரையும் அப்படியே நினைக்கிறோம். அந்த எண்ணம் தவறு.

வீட்டிலேயே ஒரு சோதனை

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவை இல்லை. வீட்டில் இருக்கும் ரப்பர் பேண்டே போதும்.

புது ரப்பர் பேண்டை இழுத்தால் நீளும். விட்டால் சுருங்கிவிடும். அதே ரப்பர் பேண்டை ஒரு பழைய கடிதக் கட்டில் போட்டு, அலமாரியில் வைத்துவிடுங்கள். சில வருடம் கழித்து எடுத்து இழுத்துப் பாருங்கள். பட் என்று அறுந்துவிடும்! அதை யாரும் தொடவில்லை, யாரும் இழுக்கவில்லை. பிறகு ஏன் அறுந்தது?

காற்றில் பிராண வாயு இருக்கிறது. அதுதான் காரணம். இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது போல, ரப்பரையும் பிராண வாயு மெல்ல மெல்லத் தின்கிறது. ரப்பரின் இழுபடும் குணம் போய்விடுகிறது. அது இறுகி, காய்ந்து, வெடித்துவிடுகிறது.

டயரில் நடப்பதும் இதுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. ரப்பர் பேண்ட் அறுந்தால் கடிதங்கள் சிதறும். டயர் வெடித்தால் குடும்பமே சிதறும்!

டயருக்கு உள்ளே என்ன இருக்கிறது?

டயர் என்றால் வெறும் ரப்பர் வளையம் அல்ல.

1839-ம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். 1888-ம் ஆண்டு வாக்கில் டன்லப் என்ற மிருக வைத்தியர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று அடைத்த டயரைச் செய்தார். அவருக்கு முன்பே, 1845-ம் ஆண்டில், தாம்சன் என்பவர் காற்று டயருக்கு உரிமை வாங்கி இருந்தார். ஆனால் உலகம் முழுவதும் காற்று டயர் பரவியது டன்லப்புக்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டிலும் டயர் தொழில் வளர்ந்திருக்கிறது. திருவொற்றியூரில் 1946-ம் ஆண்டு பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கிய எம்.ஆர்.எப்., பிறகு பெரிய டயர் கம்பெனியாக வளர்ந்தது. திருச்சியில் இருந்து சென்னைக்குப் போகும் வழியில், பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்திலும் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது.

கார் டயரை வெட்டிப் பார்த்தால் பல அடுக்குகள் தெரியும். உள்ளே நூல் அடுக்கு. அதன் மேல் எஃகுக் கம்பிகளால் ஆன பட்டை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள். அதற்கும் மேலேதான் ரோட்டைத் தொடும் ரப்பர். அதில் வெட்டப்பட்டிருக்கும் மேடு பள்ளத்தைத்தான் "பட்டன்" என்கிறோம்.

இத்தனை அடுக்கையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது ரப்பர்தான். கட்டிடத்துக்கு சிமெண்டு எப்படியோ, டயருக்கு ரப்பர் அப்படி.

வருடங்கள் ஓடும்போது அந்தப் பிடிப்பு தளர்கிறது. எஃகுப் பட்டைகளின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு பிளவு விழுகிறது. அது வெளியே தெரியாது. எத்தனை தடவை துடைத்துப் பார்த்தாலும் தெரியாது.

100 கிலோ மீட்டர் வேகத்தில் கார் டயர் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 900 தடவை சுற்றுகிறது. அதாவது ஒரு விநாடிக்கு 15 சுற்று! ஒவ்வொரு சுற்றிலும் டயர் ஒரு தடவை நசுங்கி நிமிர்கிறது. ஸ்ரீரங்கத்தில் இருந்து சென்னைக்குப் போய்ச் சேருவதற்குள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லட்சம் தடவை அது நசுங்கி நிமிர வேண்டும். டயர் சூடாகிறது. உள்ளே இருக்கும் பிளவு வளர்கிறது. கடைசியில் மேல் ரப்பர் எஃகுப் பட்டையோடு பிய்த்துக்கொண்டு போகிறது. கார் டிரைவரின் கைக்கு அடங்காமல் ஓடுகிறது!

ஓடாத டயர் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

டயர் கம்பெனிகள் ரப்பரோடு மெழுகு போன்ற காப்புப் பொருள்களையும் கலக்கின்றன. கார் ஓடும்போது டயர் நசுங்கி நிமிர்கிறது அல்லவா? அப்போது இந்தப் பொருள்கள் உள்ளே இருந்து வெளிப்புறத்துக்கு வருகின்றன. மெல்லிய போர்வை போல ரப்பரை மூடிக் காப்பாற்றுகின்றன.

கார் ஓடாமல் நின்றால்? காப்புப் பொருள் சரியாக வெளியே வராது. வெயிலும் காற்றும் நேராக ரப்பரைத் தாக்கும். டயரின் பக்கச் சுவரில் கோடு கோடாக வெடிப்பு விழும்.

நிற்கும் டயருக்குள்ளும் காற்று இருக்கிறது. சுமார் 30 பவுண்டு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் அந்தக் காற்று, ரப்பருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவுகிறது. அதில் உள்ள பிராண வாயு உள்ளே இருந்தே வேலை செய்கிறது. ஆக, டயருக்கு வெளியேயும் எதிரி! உள்ளேயும் எதிரி!

அதிகம் ஓடும் டாக்சியின் டயர், வயதாவதற்கு முன்பே தேய்ந்துபோகும். டிரைவர் அதைப் பார்த்து மாற்றிவிடுவார். ஓடாத காரின் டயர் தேய்வதே இல்லை. ஆகவே அதை மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வருவதில்லை. அதுதான் வினை!

மகனை விட மூத்த டயர்

2012-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந்தேதி. இங்கிலாந்தில் ஒரு தீவில் நடந்த இசை விழாவுக்குப் போன இளைஞர்கள், பஸ்சில் லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் என்ற ஊர் அருகே, பஸ்சின் முன் டயர் வெடித்தது. பஸ் ரோட்டை விட்டு விலகி மரத்தில் மோதியது. டிரைவரும் பயணிகள் இருவருமாக 3 பேர் பலியானார்கள்.

வெடித்த டயரைச் சோதித்தார்கள். அதன் பட்டன் தேயவில்லை. சட்டம் சொல்லும் ஆழம் இருந்தது.

ஆனால் அந்த டயருக்கு வயது 19½!

இறந்தவர்களில் ஒரு இளைஞனுக்கு வயது 18. அவனை விட, அவன் உயிரைக் குடித்த டயர் மூத்தது!

அந்த இளைஞனின் தாய் துக்கத்தோடு வீட்டில் முடங்கிவிடவில்லை. "பழைய டயரைத் தடை செய்யுங்கள்" என்று பல ஆண்டுகள் போராடினார். அரசாங்கம் முதலில் "பழைய டயர் வேண்டாம்" என்று யோசனை மட்டும் சொன்னது. அந்தத் தாய் விடவில்லை. கடைசியில் சட்டமே வந்தது. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி முதல், 10 வயதுக்கு மேற்பட்ட டயரை லாரி, பஸ்களின் முன் சக்கரத்தில் போடக் கூடாது என்று அங்கே தடை விதிக்கப்பட்டது. சிறிய பஸ்களுக்கும் கட்டுப்பாடு வந்தது.

சினிமா நடிகரின் கார்

"பாஸ்ட் அண்ட் பியூரியஸ்" படங்களில் காரைப் பறக்கவிட்டு நடித்தவர் பால் வாக்கர். 2013-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி அமெரிக்காவில் கார் விபத்தில் இறந்தார். காரை ஓட்டியவர் அவருடைய நண்பர். அவரும் இறந்தார்.

கார் சாதாரண கார் அல்ல. விலை உயர்ந்த பந்தய ரகக் கார். விபத்துக்குக் காரணம் என்ன? மணிக்கு 72 கிலோ மீட்டருக்கு மேல் போகக் கூடாத ரோட்டில், ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் போனதுதான் முதல் காரணம் என்று போலீசார் சொன்னார்கள். அதோடு இன்னொன்றையும் சொன்னார்கள். அந்தக் காரின் டயர்களுக்கு வயது 9!

கார் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், ரோட்டைத் தொடுவது டயர் மட்டும்தான். ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு இடம்தான் ரோட்டில் படிகிறது. நாலு உள்ளங்கை இடத்தை நம்பித்தான் ஒரு குடும்பமே காரில் உட்கார்ந்திருக்கிறது!

வெயில் ஊருக்கு இரட்டை ஆபத்து

2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஒரு பெரிய பரபரப்பு ஏற்பட்டது. பயர்ஸ்டோன் கம்பெனி, 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. வேகமாக ஓடும்போது மேல் ரப்பர் பிய்ந்து, கார்கள் உருண்டன. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டயர் கம்பெனியும் கார் கம்பெனியும் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒரு உண்மை தெளிவாகத் தெரிந்தது. வெயில் அதிகமாக உள்ள தென் மாகாணங்களில்தான் விபத்துகள் அதிகம்.

அதன் பிறகு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா, டயரின் வயதைப் பற்றி ஆராய்ச்சி நடத்தியது. வெயிலுக்குப் பெயர் போன பீனிக்ஸ் நகரில் ஓடிய கார்களின் டயர்களைக் கழற்றிச் சோதித்தது. வயது ஏற ஏற ரப்பரின் வலு குறைந்திருந்தது.

2007-ம் ஆண்டு அந்த இலாகா கொடுத்த அறிக்கையில், ஒரு பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கு இருக்கிறது.

டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய 5 வெயில் மாகாணங்களில், அந்தக் கம்பெனியின் வாடிக்கைக்காரர்களில் 100-க்கு 27 பேர்தான் இருந்தார்கள். ஆனால் டயர் கெட்டு நஷ்ட ஈடு கேட்டு வந்தவற்றில் 100-க்கு 77, அந்த 5 மாகாணங்களில் இருந்து வந்தவை! அவற்றிலும் 100-க்கு 84 டயர்கள், 6 வயதுக்கு மேற்பட்டவை!

வெயிலும் வயதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

திருச்சி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் 100 டிகிரியைத் தாண்டுவது இங்கே சகஜம். தார் ரோட்டின் சூடு அதையும் விட அதிகம். வெறுங்காலோடு ரோட்டைக் கடந்தவர்களுக்கு அது தெரியும். அந்த ரோட்டில்தான் டயர் இரவும் பகலும் நிற்கிறது. சூடு ஏற ஏற ரப்பர் கெடும் வேகமும் ஏறுகிறது. குளிர் நாட்டில் 10 வருடம் தாங்கும் டயர், இங்கேயும் அத்தனை வருடம் தாங்கும் என்று நம்பி இருக்கக் கூடாது.

வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

டயரின் பிறந்த தேதி, டயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களும் இதைப் படித்துவிடலாம். 4 எண்கள்தான்.

டயரின் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் 4 எண்கள் இருக்கும். பல டயர்களில் டி.ஓ.டி. என்ற 3 ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் இது இருக்கும்.

முதல் 2 எண்கள், எத்தனையாவது வாரம் என்பதைக் குறிக்கும். அடுத்த 2 எண்கள், எந்த வருடம் என்பதைக் குறிக்கும்.

உதாரணமாக, 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். அதாவது ஜூன் மாதத்தில் பிறந்தது. 0817 என்று இருந்தால், 2017-ம் ஆண்டின் 8-வது வாரம். அதாவது பிப்ரவரி மாதம்.

3 எண்கள் மட்டும் இருந்தால்? அது 2000-ம் ஆண்டுக்கு முன்பு செய்த டயர். அதில் ஒரு அடி கூட ஓட்டாதீர்கள்!

சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் காணாவிட்டால் உள்பக்கம் பார்க்க வேண்டும். பஞ்சர் கடையில் சொன்னால் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

எத்தனை வயது வரை ஓட்டலாம்?

6 வருடம் ஆனால், பட்டன் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று பல கார் கம்பெனிகள் சொல்கின்றன. 5 வருடம் ஆன பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, விஷயம் தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்றும், 10 வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்றி எறிய வேண்டும் என்றும் டயர் கம்பெனிகள் சொல்கின்றன.

வெயில் ஊரில், வாசலில் நிற்கும் காருக்கு 6 வருடம் என்ற கணக்கே நல்லது.

நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி, கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள், ஆட்டோ டயருக்கு 0.8 மில்லி மீட்டர். ஆழத்துக்கு இது கணக்கு. வயதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மொட்டை டயர் சின்ன வயதிலும் ஆபத்து. கிழட்டு டயர், பட்டன் இருந்தாலும் ஆபத்து.

டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னி

கார் வாங்கிய நாள் முதல் ஸ்டெப்னி டிக்கியில் தூங்குகிறது. அதை வெளியே எடுப்பதே இல்லை. "அது புத்தம் புது டயர்" என்று நினைக்கிறோம்.

"ஸ்டெப்னி" என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு கடையில், 1904-ம் ஆண்டு வாக்கில் உபரி சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயரே சக்கரத்துக்கு நிலைத்துவிட்டது.

பெயர் நிலைத்தது. டயர் நிலைக்காது! மற்ற டயர்களைப் போலவே ஸ்டெப்னிக்கும் வயது ஏறுகிறது. டிக்கிக்குள் அடைபட்ட சூடு வேறு. 10 வருட ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு 100 கிலோ மீட்டர் வேகத்தில் போவது, கிணற்றில் இறங்க இற்றுப்போன கயிற்றைப் பிடிப்பது போன்றது. 4 டயரையும் மாற்றியவர்கள் ஸ்டெப்னியின் எண்களையும் படிக்க வேண்டும்.

பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய டயரை விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கறுப்புப் பாலீஷ் போட்டால் எந்த டயரும் பளபளக்கும். தேய்ந்த டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி விற்பதும் உண்டு. பாதி விலை என்று ஆசைப்பட்டால், மீதி விலையை ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டி வரும்.

புது டயர் வாங்கும்போதும் 4 எண்களைப் பாருங்கள். கடையில் பல வருடம் கிடந்த டயராக இருந்தால், வேறு டயர் கேளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். மருந்து வாங்கும்போது தேதி பார்க்கிறோம். பிஸ்கட் வாங்கும்போது தேதி பார்க்கிறோம். டயருக்கு மட்டும் ஏன் பார்க்கக் கூடாது?

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இதுவே யோசனை. "குறைந்த கிலோ மீட்டர் ஓடிய கார்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், முதலில் குனிந்து டயரைப் பாருங்கள்.

பாதுகாக்க என்ன வழி?

டயருக்கு வயதாவதை நிறுத்த முடியாது. ஆனால் தள்ளிப்போடலாம்.

காரை முடிந்த வரை நிழலில் நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது சில கிலோ மீட்டர் ஓட்டுங்கள். காவிரிப் பாலம் வரை போய் வந்தாலும் டயருக்கு நல்லது. ஒரே இடத்தில் மாதக் கணக்கில் நின்றால், டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

மாதத்துக்கு ஒரு தடவை காற்று சோதியுங்கள். காலை வேளையில், டயர் சூடாகும் முன்பு சோதிப்பதே சரி. எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். காற்று குறைந்தால் டயர் அதிகமாக நசுங்கும், அதிகமாகச் சூடாகும், சீக்கிரம் வெடிக்கும்.

பக்கச் சுவரில் வெடிப்பு, எங்காவது வீக்கம், ஓடும்போது வழக்கத்துக்கு மாறான நடுக்கம் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வெளியூர்ப் பயணத்தை நிறுத்துங்கள். டயரைக் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

சித்திரை மாதம் ஸ்ரீரங்கத்தில் தேர் ஓடுகிறது. தேரை இழுப்பதற்கு முன்பு சக்கரத்தையும் அச்சையும் சோதித்த பிறகுதான் வடத்தைத் தொடுகிறார்கள். மெல்ல நகரும் தேருக்கே இத்தனை கவனம் என்றால், 100 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் காருக்கு எத்தனை கவனம் வேண்டும்!

டயர் வெடித்துவிட்டால்?

பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதுதான் பலர் செய்யும் தவறு. அப்படி மிதித்தால் கார் சுழன்று உருண்டுவிடும்.

இரண்டு கைகளாலும் ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடியுங்கள். காரை நேராகவே ஓடவிடுங்கள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாகக் குறையும். நன்றாகக் குறைந்த பிறகு இடது ஓரம் ஒதுக்கி நிறுத்துங்கள். எல்லோரும் ரோட்டை விட்டு விலகி, ஓரமாகப் போய் நில்லுங்கள். ரோட்டின் நடுவில் நின்று டயர் மாற்றவே கூடாது.

சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் இதையெல்லாம் செய்யும் அளவுக்கு டிரைவர் இருக்கையில் இருப்பார். பின்னால் இருப்பவர்களுக்கும் பெல்ட் அவசியம்.

கழற்றிய டயரை என்ன செய்வது?

"இருக்கட்டும், எதற்காவது உதவும்" என்று மொட்டை மாடியில் போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் கொசு அதில் முட்டை இடும். பொங்கல் நெருங்கும்போது போகியில் போட்டு எரிக்காதீர்கள். அந்தப் புகை விஷம். இன்னொருவர் காரில் மாட்டிக்கொள்ளவும் கொடுக்காதீர்கள். உங்கள் குடும்பத்துக்கு ஆகாத டயர், அவர் குடும்பத்துக்கு மட்டும் ஆகுமா?

நாலு டயரை மாற்ற ஆகும் செலவு பெரிதாகத் தெரியலாம். பென்ஷன் பணத்தில் வாழும் குடும்பத்துக்கு அது பாரம்தான். ஒரே தடவையில் முடியாவிட்டால், இரண்டு இரண்டாக மாற்றலாம். அது வரை ஊருக்குள் மட்டும், மெதுவாக ஓட்டலாம். வெளியூருக்கு பஸ்சும் ரெயிலும் இருக்கின்றன. செலவைத் தள்ளிப்போடுவதில் தவறு இல்லை. ஆபத்தில் குடும்பத்தை ஏற்றிச் செல்வதுதான் தவறு.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கையில் ஒரு துணியைக் கொடுத்து, வாசலில் நிற்கும் காருக்கு அனுப்புங்கள். டயரைத் துடைத்து, 4 எண்களைப் படித்து வரச் சொல்லுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து 5 டயர். ஐந்து நிமிட வேலை!

கடைசி 2 எண்கள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். வருடத்தைக் கூட்டிக் கழியுங்கள். அதன் பிறகு முடிவு செய்யுங்கள், அடுத்த பயணம் எப்போது என்று!